வால்நட் கட்டையில் ஒரு குங்குமப் பொட்டு

மச்சான்,

இன்று காலை மகள் தன் கிரிக்கெட் மட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினாள். இல்ஃபோர்ட் வீடு முழுக்க அந்த மணம். நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. எண்ணெய்ப் போத்தலைத் திறந்ததும் வந்துவிட்டாய்.

எண்பதுகளின் கடைசியில், ஊர்ச் சண்டைக்குத் தப்பி வந்த நாம் இருவரும் லண்டன் துப்பாக்கிப் பட்டறை ஒன்றில், தோளில் அணைக்கும் மரக் கட்டைக்கு இதே எண்ணெய் தேய்த்தோம். "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள், இப்ப துவக்கைத் தடவிக்கொண்டு இருக்கிறம்" என்று முதல் நாளே சிரித்தாய்.

வயதான வெள்ளைக்காரர் ஒருவர் தன் தோளுக்கு அளவெடுத்து வேட்டைத் துப்பாக்கி ஒன்று செய்யச் சொல்லியிருந்தார். ஒரு தடவைக்கு ஒரே தோட்டாதான் போடலாம். அதுவும் விக்டோரியா ராணி காலத்து மாதிரித் தோட்டா, பெருவிரல் பருமன். "குறி தப்பினால் மான் நிண்டு பாத்துச் சிரிக்கும்" என்றாய்.

ஆயுத பூசை வந்தது. நீ உளிக்கும் அரத்துக்கும் சந்தனம் வைத்து நிறுத்திக்கொண்டாய். எனக்கு அது போதவில்லை. குங்குமத்தைக் குழைத்து, அவருடைய துப்பாக்கியின், எண்ணெய் இன்னும் சரியாக ஏறாத வால்நட் மரக் கட்டையில் அழுத்திப் பொட்டு வைத்தேன். பிறகு துடைத்தும் போகவில்லை. மரம் குடித்துவிட்டது.

யார் செய்தது என்று முதலாளி கேட்டார். நான் குனிந்து அரத்தைத் துடைக்கத் தொடங்கினேன். "நான்தான்" என்று நீ சொன்னாய். கொழும்பில் காத்திருந்த உன் மனைவியை விசா எடுத்துக் கூப்பிட, முதலாளி தரும் வேலைக் கடிதம் உனக்கு வேண்டும். எனக்கோ அப்போது கலியாணமே ஆகவில்லை. மூன்று கிழமையில் வாடிக்கையாளர் வருவார், அவர் வேண்டாமென்றால் உனக்கு வேலையில்லை என்றார் முதலாளி.

"விசரா, ஏன் சொன்னனீ?" என்று பிறகு கேட்டேன்.

"நீ இங்கிலிஷில விளங்கப்படுத்த வெளிக்கிட்டால் ரெண்டு பேருக்கும் வேலை போகும்."

அந்த வெள்ளைக்காரர் வந்தார். பொட்டு எதற்கென்று நீயே சொன்னாய். அவர் கண்ணாடியை மாட்டி நெடுநேரம் பார்த்தார். ஒரே தோட்டாதானே, கடவுள் துணையும் இருக்கட்டும், சுரண்டாதீர்கள் என்றார். உன் வேலை தப்பியது. அடுத்த கோடையில் உன் மனைவி ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்து இறங்கினார்.

பொட்டு வைத்தது நான் என்ற உண்மையைப் போன மாதம்தான் உன் மனைவியிடம் சொன்னேன். தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சிரித்தார்.

"எனக்கு அப்பவே தெரியும். சிநேகிதன் பயந்துபோனான், நான் பொறுப்பெடுத்திட்டன், நீ வாறது பிந்தினாலும் பிந்தும் எண்டு இவர் அப்பவே கடிதம் எழுதினவர். பரவாயில்லை எண்டு நானும் பதில் போட்டனான்."

அப்போது அவர் என் முகத்தைக்கூடக் கண்டதில்லை, மச்சான். இத்தனை வருடம் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன். அதைப் பற்றி ஒரு சொல் விடவில்லை. உங்கள் இருவரையும் நினைத்தால் சிரிப்பு வருகிறது. மகளின் மட்டைக்கு இன்னொரு கை எண்ணெய் நானே பூசப்போகிறேன்.