அப்பாவுக்குத் தெரியாமல் போட்ட லேசான குண்டு

நவம்பர் 24, 1996
ஞாயிறு காலை

அன்புள்ள மார்லாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கடல் தாண்டிய ஊரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் வேண்டிக்கொள்கிறேன். நான் நன்றாக இருக்கிறேன். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டால், அதற்குப் பதில் சொல்ல எனக்கு இன்னும் சில மணி நேரம் ஆகும். விடிவதற்கு முன்பே அவரும் டுவேன் சித்தப்பாவும் ஆல்டர் புதர்ச் சதுப்புக்குள் இறங்கிவிட்டார்கள். இப்போது மணி எட்டரை. வெளியே கணுக்கால் அளவு பனி, மூச்சு விட்டால் மீசையில் உறைகிற குளிர். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்து எட்டு வாரம்கூட ஆகாத மனுஷர், நேற்றுக் காயப்படுத்தித் தவறவிட்ட மானைத் தேடிப் போயிருக்கிறார். அந்த மான் தவறியது அவரால் இல்லை, என்னால். இதைப் போனில் சொல்லலாம் என்றால் இப்போது உனக்கு அங்கே நடுச்சாமம், உனக்கு விடிகிற நேரத்தில் இவர் வீட்டில் இருப்பார், இவருக்கோ பாம்புக் காது. அதனால்தான் எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

கல்யாணமான வருஷத்திலிருந்து அப்பாவின் தோட்டாக்களுக்கு வெடிமருந்து நிறுத்துப் போட்டுக் குண்டு அமுக்குவது நான்தான், உனக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷமாக நூற்றெண்பது கிரெயின் எடைக் குண்டு, அதற்குக் குறைந்து அவர் தொட்டதில்லை. டுவேன்கூட வருஷா வருஷம் கிண்டல் செய்வான், அண்ணே நீ மானச் சுடப் போறியா இல்ல ரயில நிறுத்தப் போறியா என்று. நூற்றைம்பது போதும்ணே, தோளாவது பொழைக்கும் என்பான். இவர், புதர்ல பட்டாலும் வழி மாறாத குண்டு வேணும்டா, ஒனக்கென்னடா தெரியும் என்பார். சரி, அவர் துப்பாக்கி, அவர் தோள் என்று நானும் இருந்தேன். செப்டம்பர் கடைசியில் பேஸ்மேக்கர் வைத்தபோது டாக்டர் தெளிவாகச் சொன்னார், மூன்று மாசத்துக்கு இடது தோளில் துப்பாக்கிக் கட்டை படக் கூடாது, சுடும்போது விழுகிற உதையில் பேஸ்மேக்கர் ஒயர் நகர்ந்தால் வம்பு என்று. இவரோ இடது கைக்காரர். வலது தோளில் வைத்துப் பார்த்தார், வலது கண்ணுக்குக் கொட்டகையே சரியாகத் தெரியவில்லை. பிறகு டாக்டர் பேச்சை எடுக்கவே இல்லை. இந்த வேட்டை சீசனை இவர் விடப் போவதில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. சண்டை போட்டேன், அழுதேன், ஒன்றும் நடக்கவில்லை.

அதனால் நானாக ஒரு முடிவு எடுத்தேன். நூற்றைம்பது போட்டால் உதை கொஞ்சம்தான் குறையும். நூற்றிருபத்தைந்து கிரெயின் குண்டும் குறைந்த மருந்தும் என்றால் பாதிக்கும் கீழே வந்துவிடும். வேட்டைப் பரணிலிருந்து அவர் சுடுவதெல்லாம் அறுபது எழுபது கஜம், அந்தத் தூரத்தில் நிற்கிற மானுக்கு அது தாராளம். இருபது தோட்டா செய்து, நூற்றெண்பது என்று என் கையால் எழுதியிருந்த பழைய பெட்டியிலேயே அடுக்கி வைத்தேன். குண்டின் எடை மாறினால் படுகிற இடமும் மாறும் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் ஒவ்வொரு நவம்பரிலும் சரளைக் குழிக்குப் போய்க் குறி சரிபார்ப்பாரே, அங்கே நிதானமாக ஒரு தோட்டா சுட்டால் போதும், உதை குறைந்திருப்பதைக் கண்டுபிடித்துவிடுவார். மான் முன்னால் நின்றால் யாருக்கும் உதை தெரியாது, குழியில் தெரியும். அதனால், போன வருஷம் வெச்ச குறி எங்க ஓடிடப் போகுது, ஆறாத தோளுக்கு எதுக்கு வீண் உதை என்று நயமாகப் பேசித் தடுத்தேன். என் பேச்சைக் கேட்டுக்கொண்டார். இந்த வருஷம் என் பேச்சைக் கேட்ட ஒரே விஷயம் அதுதான். பரணுக்கு எதிரே இருந்த பாப்லர் மரங்களைப் போன மார்ச்சில் வெட்டி விற்றோமே, இப்போது அங்கிருந்து இருநூறு கஜம் பளிச்சென்று தெரியும் என்பது மட்டும் என் புத்தியில் படவில்லை.

நேற்றுக் காலை எட்டு மணி வாக்கில் ஒரு வெடி கேட்டது. நல்ல எட்டு முனைக் கொம்பன், நூற்றறுபது கஜத்தில் பக்கவாட்டில் நின்றதாம். விழுந்தது, எழுந்தது, முன்னங்காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு சதுப்புக்குள் போய்விட்டது. இருட்டுகிற வரைக்கும் ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துப் போயிருக்கிறார்கள். அப்பா வீட்டுக்கு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கதவோரப் பெஞ்சில் உட்கார்ந்தார். எங் கை போயிருச்சு வெர்னா என்றார். நாப்பத்திமூணு வருஷத்துல ஒரு மானக்கூடக் காயத்தோட ராத்திரிக்கு விட்டதில்ல, இனிமே துப்பாக்கிய டுவேன்கிட்ட குடுத்துடறேன் என்றார். மார்லா, உன்னிடம் மறைக்கவில்லை, எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அப்பாடா, இனி போக மாட்டார் என்றுதான் நினைத்தேன். அதற்கப்புறம் அவர் கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டார். அப்போதே சொல்லியிருக்கலாம். சூப்பைச் சுட வைத்துக் கொடுத்தேன்.

இப்போது பத்து ஐம்பது. சதுப்புப் பக்கம் ஒரே ஒரு வெடி. அது அவர்கள்தானா, பக்கத்து நிலத்துக்காரர்களா தெரியவில்லை. கிட்டத்திலிருந்து சுட்டிருந்தால் குண்டு சரியான இடத்தில் பட்டிருக்கும். பனியில் அவர் விழுந்து, ஆள் கூப்பிட டுவேன் சுட்டிருந்தால் மூன்று தடவை சுட்டிருப்பான். ஒன்றுதான் கேட்டது. இன்னும் இரண்டு வரக் கூடாதே என்று ஜன்னலோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன். பேனா மையும் குளிரில் சரியாக இறங்கவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை

விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். அன்று ஒரு மணிக்கு டுவேனின் வண்டி வந்தது. அப்பா தானாகவே இறங்கினார். முகம் சாம்பலாக இருந்தது, ஆனால் நடந்து வந்தார். அண்ணி, மானக் கட்டுன கயித்த நாந்தான் இழுத்தேன், அண்ணன் சும்மா அதிகாரம் பண்ணிட்டு வந்தாரு என்றான் டுவேன், என்னைச் சமாதானப்படுத்த. அந்த மான் ராத்திரி முழுக்க மூன்று காலில் முக்கால் மைல் போய், ஒரு விழுந்த மரத்தடியில் படுத்திருந்ததாம். இவர்களைப் பார்த்தும் எழுந்திருக்க முடியவில்லை. இருபது கஜத்தில் அப்பா முடித்து வைத்தார். கொட்டகையில் தொங்கவிட்டுத் தோலுரித்தார்கள். டுவேன் வீட்டுக்குப் போன பிறகு அப்பா உள்ளே வந்தார், உள்ளங்கையில் எதையோ மூடிப் பிடித்திருந்தார். முதல் நாள் குண்டு, முழங்கால் மூட்டில் சிக்கியிருந்தது, நசுங்கக்கூட இல்ல பாரு, எலும்புல இப்படியா நிக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நேராக நிலவறைப் படியில் இறங்கினார். மானிலிருந்து எடுத்த குண்டை மருந்துத் தராசில் நிறுத்துப் பார்ப்பது அவர் வழக்கம், உனக்குத் தெரியும்.

நானும் பின்னாலேயே ஓடினேன். குண்டைத் தட்டில் போட்டுவிட்டார், முள் ஆடிக்கொண்டிருந்தது. அது நிற்பதற்குள், பாக்காதீங்க, நானே சொல்றேன், அது நூத்திருபத்தஞ்சு, நாந்தான் மாத்தினேன் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், மருந்து, பெட்டி, குழிக்குப் போகாமல் தடுத்தது வரை. அவர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போ எங் கை போகல என்றார் முதலில். போகவில்லை என்றேன். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. லேசான குண்டு தப்பில்ல வெர்னா, எனக்கு இப்ப அதான் சரியான குண்டு. சொல்லியிருந்தா ரெண்டு நாள் ஒன்னத் திட்டியிருப்பேன், மூணாவது நாள் குழிக்குப் போயி குறி பாக்குற ஸ்கோப்பத் திருப்பி வெச்சிருப்பேன் என்றார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். நீ என்னக் காப்பாத்த நெனச்ச, சரி. அந்த மான் ஒனக்கு என்ன பண்ணுச்சு, ஒரு ராத்திரி பூரா பனியில கெடந்துச்சே என்றார்.

நேற்று இருவரும் சரளைக் குழிக்குப் போனோம். டாக்டர் சொன்னது அவருக்கு ஞாபகம் இருக்கிறது, இந்த உதை கொசுக்கடி என்கிறார், ஆனாலும் அடுத்த வாரம் போய்க் காட்ட வேண்டும் என்று சொல்லி ஒத்துக்கொள்ள வைத்தேன். மூன்று தோட்டா சுட்டார், மூன்றும் ஒரு சாண் கீழே, காசு வைத்து மூடலாம் போல ஒன்றன் மேல் ஒன்று. ஸ்கோப்பைத் திருப்பினார், நாலாவது நடுவில் போனது. நல்லது என்று குறிக் காகிதத்திடம் சொன்னார், என்னிடம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் இன்னும் ஐந்து செய்து கொடு என்று கேட்டார். செய்தேன். ஒவ்வொன்றையும் எடுத்துத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் இடுப்பு உறையில் சொருகினார். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நாளும் என் கையிலிருந்து வாங்கியதை அவர் நிறுத்ததில்லை. தராசை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.

வியாழக்கிழமை நன்றித் திருநாளுக்கு டுவேன் குடும்பம் வருகிறது, வான்கோழி வாங்கியாயிற்று. நீ குளிரோ வெயிலோ உடம்பைப் பார்த்துக்கொள், மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உங்கள் இரண்டு பேருக்கும் கடவுள் நல்ல புத்தியும் தீர்க்காயுளும் கொடுக்கட்டும். அடுத்த முறை போன் செய்யும்போது உனக்கு எல்லாம் தெரியும் என்று அப்பாவிடமே சொல்லிவிடு. இன்னொரு ரகசியத்தை வைத்துக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. இந்தக் கடிதத்தையும் ஒட்டாமல்தான் மேசை மேல் வைக்கப் போகிறேன், அவர் படித்துவிட்டு ஒட்டட்டும்.

உன் அன்பு அம்மா,
வெர்னா

மார்லா, படித்தேன். ஒரு சாண் இல்லை, ஏழு அங்குலம். மற்றதெல்லாம் அம்மா சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். கோபம் இன்னும் இருக்கிறது. தபால்காரர் வருவதற்குள் நானே ஒட்டிப் போடுகிறேன்.
அப்பா