கோட்டுப் பித்தான்

1934 மார்கழி, செவ்வாய் இரவு. மயிலாப்பூர்.

இன்று எடுத்த போட்டோ பிளேட்டைக் கழுவிப் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. நாளைக் காலை ரங்கூன் கப்பலேறுகிற பையன், வேண்டாமென்ற தாயாரைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்துப் பின்னால் நின்றான். கண் மங்கிவிட்டதால் காமிராக் கண்ணாடியில் எனக்கு இப்போதெல்லாம் முகம் பிடிபடுவதில்லை. பெண்களின் மூக்குத்தி மினுக்கத்தைப் பார்த்துத்தான் ஃபோகஸ் வைத்து ஒப்பேற்றிவருகிறேன். இந்த அம்மாள் கைம்பெண். மூக்கிலும் காதிலும் ஒன்றுமில்லை. மகனுடைய கோட்டுப் பித்தான் மினுங்கியது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

படத்தில் பித்தான் தைத்த நூல்கூடத் தெரிகிறது. அவள் முகம் வெறும் புகை. விடிந்ததும் படத்துக்கு வந்து நிற்பான்.

கறுப்புத் துணிக்குள் நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: "என் மூஞ்சி தெரியறதோ? அவன் எடுத்துண்டு போறதுக்குத்தான் கேக்கறேன்."

"நன்னாத் தெரியறது மாமி" என்றேன்.