நாற்பத்தொரு பதிவுகள்

அக்டோபர் 9, வியாழன்

இனி நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்கு வெட்கமானதையும் சேர்த்து.

சமையலறைக் கணினியின் இயங்குதளத்துக்குப் பதினான்காம் தேதியோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிடுமாம். நன்றியறிதல் விடுமுறைக்குக் கல்லூரியிலிருந்து ஹெல்மி அக்கா நாளை வருகிறாள், அவள் பார்த்துக்கொள்வாள் என்கிறார் அப்பா.

கணினியைத் திறந்தால் இன்னமும் இரண்டு பெயர்கள் வருகின்றன. ஐலா, நான். காரினா, அம்மா. அம்மா இறந்து பதினெட்டு மாதம்.

அக்டோபர் 11, சனி

சௌனா நீராவிக் குளியலிலிருந்து வந்த ஈரத்தலையோடு அப்பாவுக்கும் அக்காவுக்கும் சண்டை.

"இருக்கிறது மேலயே அப்கிரேட் பண்ணிடேன். எல்லாம் அதது இடத்துல இருக்கட்டும்" என்றார் அப்பா.

"ஏழு வருஷக் குப்பைப்பா! வீடு மாறும்போது குப்பைத்தொட்டியையும் லாரில ஏத்துவீங்களா? மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா போட்டாத்தான் ஓடும்."

"உனக்கென்ன, ரெண்டு நாள்ல கிளம்பிடுவ."

வேண்டியதை நகலெடுத்துவிட்டு அழிக்கலாமே என்று சொன்னது நான்தான்.

"அப்ப நீயே எடு, புத்தகப்புழு" என்றாள் அக்கா.

அக்டோபர் 12, ஞாயிறு

தேவாலயப் பாடகர் குழுவில் அம்மாவுக்குக் கீழ்க்குரல். தன் பகுதியை மட்டும் பாடிப் பதிந்து வைப்பாள். மற்றவர்கள் பாடவேண்டிய இடத்தில் "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணுவாள். தனியாகக் கேட்டால் பாட்டு மாதிரியே இருக்காது.

முகப்புத் திரையில் நாற்பத்தொரு பதிவுகள். எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. சந்தோஷமாக இருந்தது.

"திறந்து பார்த்தியா?" என்றாள் அக்கா.

பார்த்தேன். பென் டிரைவிலிருந்து ஒன்றைத் திறந்தேன். பாடியது.

அக்டோபர் 13, திங்கள்

காலையில் அக்கா எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டாள். கணினி பறக்கிறது. ஒரே பெயர்: ஐலா.

பென் டிரைவைச் செருகினேன். நாற்பத்தொன்றும் இருக்கின்றன. ஒன்றும் திறக்கவில்லை.

ஒவ்வொரு பதிவின் சின்னத்து மூலையிலும் ஒரு குட்டி அம்புக்குறி. நான் எடுத்தது பதிவுகளை இல்லை. அவை இருக்கும் இடத்தைக் காட்டும் குறுக்குவழிகளை. நேற்றுப் பாடியது கணினிக்குள் இருந்தது. இன்று அந்த இடமே இல்லை.

அப்பா துறைமுக வேலையில் இருந்தார். அக்கா நாலு மணி நேரம் மீட்டெடுக்கப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

"நானும் பார்த்திருக்கணும்டி. அப்பாகிட்ட நான் சொல்லவா?"

"வேணாம். நான் சொல்றேன்."

அக்கா திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

இரவு நன்றியறிதல் விருந்துக்கு வான்கோழி. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 15, புதன்

சொல்லவில்லை. பிரெஞ்சுத் தேர்வில் இருபதுக்குப் பதினெட்டு.

அக்டோபர் 17, வெள்ளி

சொல்லவில்லை. அழுகையும் வரவில்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருக்கிறது. எங்கே வலிக்கவேண்டும் என்று தெரிகிறது, அவ்வளவுதான்.

அக்டோபர் 19, ஞாயிறு

அப்பா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது சொன்னேன். குழாயை மூடினார்.

"நாற்பத்தொண்ணுமா?"

"நாற்பத்தொண்ணும்."

கையைத் துடைத்துக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தார். "புதுசா ஒரு பேர் எப்படிம்மா சேர்க்கிறது?" என்றார்.

காட்டினேன். ஒற்றை விரலால் தட்டினார். காரினா. பெயருக்கு மேலே சாம்பல் நிற வட்டம். "திறந்தா உள்ள ஒண்ணும் இருக்காதுப்பா" என்றேன்.

"இருக்கட்டும்" என்றார்.

நான் மாடிக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கீழே சமையலறை விளக்கை அணைத்தார்.