கார் அனுப்ப வேண்டாம்

அன்புள்ள அப்பாவுக்கு,

கார் அனுப்ப வேண்டாம். அன்று போனில் நான் அழுத அழுகைக்கு, படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடு, கார் அனுப்புகிறேன் என்றீர்கள். இப்போது தேவலை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், அம்மாவிடம் இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

ஆம்புலன்ஸில் நடந்ததை எழுதப்போவதில்லை. இந்தக் கிராமத்து ஆஸ்பத்திரியில் பிரசவமான அந்தப் பெண்ணைப் பெரிய ஆஸ்பத்திரி வரை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் பிரசவ அறைப் பக்கமே போகவில்லை. இருமல், காய்ச்சல், சிரங்கு என்று பொழுதை ஓட்டினேன். நர்ஸ் அக்காவும் கண்டும் காணாமல் விட்டுவிட்டார்.

இன்று காலை, அன்று வெளியூரில் இருந்த அவளுடைய கணவர், குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்தார். வாசலிலேயே, "அந்தப் படிக்கிற டாக்டரம்மா எங்க?" என்று கேட்டார். திட்டினால் வாங்கிக்கொள்வோம் என்று முன்னால் போய் நின்றேன்.

"வழி பூரா அவ கையை நீங்க விடவே இல்லைன்னு டிரைவர் சொன்னாரு. இவளுக்கு நீங்களே ஊசி போடுங்க. வேற யாரும் வேணாம்."

நர்ஸ் அக்கா பக்கத்தில் நிற்க, நானே போட்டேன். குழந்தை வீறிட்டு அழுதாள்.

"அடேயப்பா, அப்படியே உங்கம்மா தொண்டை!" என்று சிரித்தவர், சட்டென்று முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர்கள் போனதும், நாளை முதல் என்னைப் பிரசவ அறையில் போடச் சொல்லிக் கேட்டேன்.

"நெஜமாத்தான் சொல்றியா?" என்றார் நர்ஸ் அக்கா.

ஆமாம் என்றேன், அப்பா.

படிப்பை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வரப்போகும்,
உங்கள் வாயாடி