எலூபேக்குப் பதிலாக நான் ஏறிய கூண்டு

ஜோம்பா,
ஜூன் 9

அன்பு மகள் தமாந்தாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் என் முட்டிவலியும் சுகம், அங்கே நீயும் உன் லீட்ஸ் குளிரும் சுகந்தானே. அண்ணன் வழக்கு என்ன ஆயிற்று என்று மூன்று முறை கேட்டுவிட்டாய். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

பிள்ளைக்கு மசாவுக்கோ, அதாவது தொல்லை, என்று பேர் வைத்தவர் உன் அப்பா. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், தொல்லை என்னிடம் இருக்கிறது. மார்ச்சில் நான் அவன் வீட்டில் இருந்தபோதுதான் நடந்தது. ந்சிமாக் களியில் கட்டி தட்டிவிட்டதாம். உன் அண்ணி எலூபே கிண்டிக்கொண்டிருந்த துடுப்பைப் பிடுங்கி அவள் கையிலேயே போட்டான், எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா, அடுப்பை அணைத்தேன். ஆஸ்பத்திரியில் மருமகள் வழுக்கி விழுந்தாள் என்று சொன்னதும் நான்தான். அங்கிருந்த நர்ஸ் நம்பாமல் போலீசுக்குச் சொல்லிவிட்டாள், நீயும் நர்ஸ், உன் சாதிதானே அவளும்.

உடனே உன் வில்லார்டு மாமா, அவர்கள் கல்யாணத்துக்குப் பொறுப்பேற்ற ஜவாப்தாரி அல்லவா, வந்து உட்கார்ந்தார். முழுக்கோழியைச் சப்பிக்கொண்டே, "குடும்ப விஷயம் குடும்பத்துலயே முடியணும், எலூபே கேஸை வாபஸ் வாங்கட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார். அந்தப் பஞ்சாயத்தில் செத்தது கோழிதான். கேஸை வாபஸ் வாங்க, மாவுக்கட்டோடு அவளை நானே அரசு வக்கீல் ஆபீசுக்கு அழைத்துப் போனேன். வக்கீலம்மா, "இது உன் கேஸ் இல்லம்மா, அரசாங்கத்தோட கேஸ். நீ வேண்டாம்னாலும் சம்மன் வரும், வந்துதான் ஆகணும்" என்றாள். எலூபே, "அவர் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு என்னால சொல்ல முடியாதும்மா" என்று அழுதாள். நேரில் பார்த்தவர் வேறு யாராவது இருந்தால் உன்னைக் கூப்பிடாமலே நடத்தப் பார்க்கிறேன், யார் இருந்தார்கள் என்று வக்கீல் கேட்டாள். எலூபே தரையைப் பார்த்தாளே தவிர என் பேரைச் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன், தமாந்தா! அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை, "நான்தான் இருந்தேன்" என்றேன்.

கோர்ட்டில் மாமா கோட்டு மாட்டிக்கொண்டு முதல் வரிசையில் முறைத்தார். உன் அண்ணனின் வக்கீல், "பெத்த தாயே மகனுக்கு எதிரா சொல்றீங்களா?" என்றான். "பெத்ததாலதான்யா வெறும் வாயால சொல்றேன், அடுத்தவன் பிள்ளையா இருந்தா அன்னைக்கே அந்தத் துடுப்பைப் பிடுங்கி நாலு போட்டிருப்பேன்" என்றேன். சிரித்தவர்களை நீதிபதி அடக்கினார். அடுத்து, அப்படியென்றால் ஆஸ்பத்திரியில் ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டான். அதற்கு என் வாய்த்துடுக்கு உதவவில்லை. பயந்துவிட்டேன், பிள்ளை போய்விடுவானே என்று பயந்துவிட்டேன் என்றேன். மசாவுக்கோ ஒருமுறை என்னைப் பார்த்தான், அப்புறம் பார்க்கவே இல்லை.

எலூபேயைக் கடைசிவரை கூண்டுக்கு அழைக்கவில்லை. அவனுக்கு இரண்டு வருஷம். அவள் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், கை கூடிவிட்டது, சுண்டுவிரல் மட்டும் மடங்கவில்லை. மாமா என்னோடு பேசுவதில்லை, கோழிகள் நிம்மதியாக இருக்கின்றன. போன வெள்ளிக்கிழமை சிறைக்கு வறுத்த சம்போ மீன் கொண்டுபோனேன். அம்மாவைப் பார்க்கமாட்டேன் என்று சொல்லி அனுப்பினான். மீனை மட்டும் வாங்கிக்கொண்டான்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வேலைக்குப் போகாதே, கடவுள் உன்னைக் கண்போலக் காக்கட்டும். மறக்காமல் அண்ணனுக்கு ஒரு கடிதம் போடு. என்னைத் திட்டி எழுதினாலும் சரி, அப்படியாவது அவன் என் பேரை வாசிக்கட்டும்.

உன் அம்மா
எனெலேசி