மூன்றால் பெருக்க வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை

மாப்பிள்ளை அவர்களுக்கு,

வணக்கம். இங்கே என் மனைவியும் மகளும் சுகம். அங்கே என் தங்கையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். உங்கள் சுகத்தை வெள்ளிக்கிழமை போனிலேயே தெரிந்துகொண்டேன். அவ்வளவு சத்தம் போட நல்ல நெஞ்சுரம் வேண்டும்.

போன் இருக்கும்போது இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் நாலு வாக்கியம் பேசிவிடுகிறீர்கள். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. படித்து முடித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

நேற்று முதல் நான் விமான ஹாங்கரில் பரிசோதகன் இல்லை. கருவி ஸ்டோரில் உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிறேன். யார் எதை எடுத்தார்கள், எப்போது திருப்பினார்கள் என்று எழுதுகிறேன். இருபத்தாறு வருடம் இந்த விமானங்களின் கீழே படுத்து எழுந்தவனுக்குக் கம்பெனி கொடுத்த இடம், கம்பி வலை போட்ட ஓர் அறை. உத்தரவில் உங்கள் கையெழுத்து இருந்தது. பராமரிப்புப் பிரிவுத் தலைவர் என்று உங்கள் பதவியைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

போனில் நீங்கள் என்னைச் சொல்ல விடாத விஷயத்தை இப்போது முதலிலிருந்து சொல்கிறேன்.

பதினேழு நாளுக்கு முன் விமானப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து அந்த உத்தரவு வந்தது. பிரேக் தட்டுகளை இறுக்கிச் சேர்த்துப் பிடிக்கும் போல்ட்டுகளில் ஒரு குறிப்பிட்ட தயாரிப்பு வரிசை மோசம், வெப்பத்தில் விரிசல் விடுகிறது, வேறு இடங்களில் இரண்டு விமானங்கள் தரையிறங்கும்போது பிரேக் பிரிந்து ஓடுபாதையை விட்டே போய்விட்டன, ஆகவே அடுத்த ஐம்பது தரையிறக்கங்களுக்குள் அத்தனை போல்ட்டுகளையும் மாற்ற வேண்டும், மாற்றாத விமானம் பறக்கக் கூடாது என்று இருந்தது. நம்முடைய ஐந்து விமானங்களிலும் அதே வரிசைப் போல்ட்டுகள். புதியவை வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். தலைமை அலுவலகத்தில் கணக்குப் போட்டு, தாராளமாக நேரம் இருக்கிறது, இருபத்தைந்து நாள் ஓட்டலாம் என்று தாள் அனுப்பினீர்கள்.

அந்த இருபத்தைந்து எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஹாங்கர் சுவரில் இருக்கும் வெள்ளைப் பலகையிலிருந்து வந்தது. நீங்கள் இங்கே ஷிப்ட் தலைவராக இருந்தபோது வைத்த பலகை. ஒரு விமானம் ஒரு சுற்று போய் வந்தால் அதன் வரிசையில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்ட வேண்டும். ஒரு சுற்றில் அது மூன்று இடத்தில் தரையைத் தொடுகிறது. ஆனால் பொட்டு ஒன்றுதான். பார்க்கச் சுத்தமாக இருக்கும் என்று நீங்கள் சொன்னீர்கள், எல்லோரும் தலையாட்டினோம். பலகையைப் பார்த்து அலுவலகத்தில் யாரோ எண்ணியிருக்கிறார்கள். ஒரு விமானத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு பொட்டு, ஐம்பதுக்கு இருபத்தைந்து நாள். உத்தரவு எழுதியவர்கள் பொட்டைப் பற்றி எழுதவில்லை, மாப்பிள்ளை. சக்கரம் தரையில் படுவதைப் பற்றி எழுதினார்கள். அந்தக் கணக்கில் எட்டு நாள்தான். ஒன்பதாம் நாளே எல்லை தாண்டிவிட்டோம்.

என் பங்கையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். ஏழாம் நாள் வாரத்தாள் வந்தது. 'செய்த தரையிறக்கம் பதினான்கு, மீதம் முப்பத்தாறு' என்று அச்சடித்திருந்தது. நான் நிமிர்ந்து பலகையைப் பார்த்தேன், பதினான்கு பொட்டு இருந்தது, கையெழுத்துப் போட்டேன். வகுப்பில் முதலாவதாக வந்தவன், பிறர் கணக்கில் பிழை கண்டுபிடிப்பதையே தொழிலாக வைத்திருப்பவன், மூன்றால் பெருக்க மறந்தேன்.

ஞாபகப்படுத்தியவர் நம் டயர்க்காரர். அவர் பள்ளிக்கூடத்தில் எட்டைத் தாண்டாதவர். வியாழக்கிழமை காலை டயர் தேய்மானத்தைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தவர் என் கையில் இருந்த இரண்டாவது வாரத்தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, இருபத்தெட்டுன்னு போட்டிருக்கு? நான் எம்பத்தி நாலு எழுதி வெச்சிருக்கேன். டயருக்கு மட்டும்தான் மூணால பெருக்கணுமா, பிரேக்கு என்ன மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையா?" என்று கேட்டார். எனக்குக் காது சூடானது. அவர் சிரித்துக்கொண்டே இருந்தார், அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

நான் அந்தத் தாளில் இருபத்தெட்டை அடித்து எண்பத்து நான்கு என்று எழுதி, எந்த விமானமும் பறக்கக் கூடாது என்று கீழே எழுதிக் கொடுத்தேன். ஹாங்கர் தலைவர் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு உங்களுக்குப் போன் போட்டார். அரை மணி நேரத்தில் வேறு தாள் வந்தது. அதில் மறுபடி இருபத்தெட்டு. அதில் அவரே கையெழுத்துப் போட்டார். போடும்போது என் பக்கம் திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றாம் எண் விமானம் சக்கரம் மாற்ற உள்ளே வந்தது. பிரேக்கைக் கழற்ற எனக்கு யாரும் சொல்லவில்லை, நானே கழற்றினேன். பதினாறு போல்ட். ஒவ்வொன்றையும் கழுவி, சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தேன். உங்களுக்கு இந்தச் சோதனை தெரியும், கல்லூரியில் என் மேசையில்தான் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டீர்கள். நல்ல இரும்பாக இருந்தால் பொடி வெள்ளையாகவே இருக்கும். பதினான்கு வெள்ளையாக இருந்தன. இரண்டில், தலைக்குக் கீழே, மயிரிழை மாதிரி ஒரு சிவப்புக் கோடு மெல்ல எழுந்து வந்தது. டயர்க்காரரும் நானும் பார்த்துக்கொண்டே நின்றோம். "இதை வெச்சுக்கிட்டா நேத்து வரைக்கும் இறங்கிச்சு?" என்று மட்டும் கேட்டார். அந்த விமானத்தின் கதவில் பறக்கத் தடை என்ற சிவப்பு அட்டையைக் கட்டினேன். அதன் பிறகுதான் உங்கள் போன் வந்தது.

நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறுப்பதாக இருந்தால் மறுங்கள். "மச்சான், அந்த ஐம்பதுங்கிற கணக்கு பெரிய விமானத்தை மனசுல வெச்சுப் போட்டது. நம்மளுது பத்தொன்பது சீட்டு. பூ மாதிரி இறங்குது. பிரேக்கைப் பாதிகூட மிதிக்கிறதில்ல" என்றீர்கள். அப்படியானால் அதைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதி அனுமதி வாங்கியிருக்க வேண்டும். விரிசலைச் சொன்னேன். "ஒரு விமானத்துல இருந்தா எல்லாத்துலயும் இருக்கணுமா? அந்த ரெண்டை ஸ்டோர்ல இருக்கிறதை வெச்சு மாத்துங்க" என்றீர்கள். ஸ்டோரில் இருப்பதும் அதே வரிசைதான். இப்போது ஸ்டோரில் உட்கார்ந்திருப்பவன் நான், பெட்டியைத் திறந்து எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். புது போல்ட் அடுத்த வெள்ளிக்கிழமை வந்துவிடும், இன்னும் ஏழே நாள் என்றீர்கள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "முதல் வாரத் தாள்ல உங்க கையெழுத்துதான் இருக்கு. கிளறினா முதல்ல போறது உங்க லைசென்ஸ், யோசிச்சுக்குங்க" என்றீர்கள்.

யோசித்தேன். போகட்டும்.

லைசென்ஸ் போனால் டயர்க்காரரிடம் வேலைக்குச் சேர்ந்துகொள்கிறேன். அவருக்குப் பெருக்கத் தெரிகிறது. நீங்கள் என்னைப் பற்றி ஆண்டு அறிக்கையில் 'திறமையானவர், ஆனால் பிறரோடு ஒத்துப்போகத் தெரியாதவர்' என்று எழுதியதை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பதினொரு வருடமாக அந்த வரி எனக்கு மனப்பாடம். அந்த வரியால்தான் உங்கள் நாற்காலி எனக்குக் கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது எனக்குக் கொஞ்சம் குதூகலமாகக்கூட இருந்தது. ஒருநாள் நீங்கள் தப்பு செய்வீர்கள், நான் கண்டுபிடிப்பேன் என்று காத்திருந்தவன்தான் நான். அந்த நாள் வந்தபோது அதில் என் கையெழுத்தும் சேர்ந்து வந்தது. என் வயிற்றெரிச்சலால்தான் இப்படிச் செய்கிறேன் என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்லலாம். வயிற்றெரிச்சல் இருக்கட்டும், விரிசலும் இருக்கிறது.

வீட்டிலும் எனக்கு நல்ல பேர் இல்லை. "ஊர்ல எல்லாரும் போடுற கையெழுத்துதானே, உங்க கைக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்று என் மனைவி கேட்டாள். இரண்டு போல்ட்டையும் சமையலறை மேடையில் வைத்துக் காட்டினேன். அதைக் கையில் எடுத்துப் பார்த்தவள், எங்கள் மகள் போன மாதம் தேர்வுக்கு எந்த விமானத்தில் போனாள் என்று கேட்டாள். சொன்னேன். அதற்குப் பிறகு கையெழுத்தைப் பற்றி அவள் பேசவில்லை.

நேற்று என் தங்கை போன் செய்தாள். நீங்கள் செய்யச் சொன்னீர்களோ, தானாகச் செய்தாளோ, நான் கேட்கவில்லை. கட்டியவன்தான் சிவப்பு அட்டையை அவிழ்க்க வேண்டும் என்ற விதியை அவளுக்கு யாரோ நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். "அண்ணா, அவர் ரெண்டு நாளா சரியா சாப்பிடல. ஒரு அட்டையை அவுத்தா உன் கௌரவம் கொறஞ்சிடுமா? நீ போன்ல வழிக்கு வரமாட்ட. வியாழக்கிழமை ஃப்ளைட்ல நேர்லயே வரேன். என் மூஞ்சியப் பாத்து முடியாதுன்னு சொல்லு பாப்போம்" என்றாள். சிறு வயதில் என் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு இப்படித்தான் பேசுவாள். பிளேனில் வராதே என்று நான் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். திருப்பிப் போட்டால் எடுக்கவில்லை. கோபம்.

இனி நான் செய்திருப்பதைச் சொல்கிறேன். பதினேழு நாளின் உண்மையான கணக்கு, டயர்க்காரரின் நோட்டின் நகல், நான் தப்பாகக் கையெழுத்திட்ட முதல் தாள், விரிசல் விட்ட ஒரு போல்ட், எல்லாவற்றையும் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பக் கட்டி வைத்துவிட்டேன். நாளைக் காலை தபால் நிலையம் திறந்ததும் போகிறது. புதன்கிழமை காலை அவர்கள் கையில் இருக்கும். மற்றொரு போல்ட் இந்தக் கவரில் இருக்கிறது. இதை இன்றைக்கே பேருந்துப் பார்சலில் போடுகிறேன், நாளை மாலை உங்களுக்குக் கிடைத்துவிடும். இந்த ஒன்றரை நாள் வித்தியாசத்தை நான் வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறேன். கம்பெனியே முன்வந்து எண்ணிக்கை தவறிவிட்டது என்று தெரிவித்து விமானங்களை நிறுத்தினால் அது பிழை, அவர்களாக வந்து கண்டுபிடித்தால் அது குற்றம். அந்த உத்தரவின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கிறவர் இல்லை, ஆகவே எழுதுகிறேன். கல்லூரியில் 'டா' போட்டுப் பேசியவனை என் தங்கைக்காக இருபது வருடமாக 'நீங்கள்' என்று கூப்பிடுகிறேன். அவளுக்காகவே இந்த ஒன்றரை நாள். இதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை.

அவளைப் பேருந்தில் அனுப்புங்கள். பதினொரு மணி நேரம் ஆகும், அவளுக்கு வயிற்றைப் புரட்டும், முன் வரிசையில் ஜன்னல் ஓரம் வாங்கிக் கொடுங்கள். நான் நிலையத்தில் வந்து நிற்கிறேன். வந்து என்னைத் திட்டட்டும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் அவளைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, மற்றவர்களை அந்த விமானத்தில் ஏற்றினீர்கள் என்றால், அந்தப் போல்ட்டைப் பற்றி நீங்கள் மனதுக்குள் என்ன நினைக்கிறீர்கள் என்று அவளுக்கே விளங்கிவிடும். நான் விளக்க வேண்டியிருக்காது.

பதில் எழுத வேண்டாம். போனும் வேண்டாம். ஸ்டோரின் கம்பி வலை வழியாக ஓடுபாதையின் பாதி தெரிகிறது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு முதல் சுற்று விமானம் இறங்க வேண்டும். டயர்க்காரரும் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அது வராமல் இருக்கட்டும். நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்