சுவரொட்டியில் வைத்த குங்குமம்

1993 மார்ச், வெள்ளி

இவர் செத்து ஐந்து மாதம். இவர் ஆசையாய்ச் சேர்த்த பழைய இத்தாலியப் படச் சுவரொட்டிகளை வாங்க இன்று ஒரு கடைக்காரர் வந்தார். ஒன்றை மட்டும் வேண்டாமென்று திருப்பித் தந்தார். நடிகையின் நெற்றியில் சிவப்புக் கறையாம்.

கறையில்லை, குங்குமம். ஒரு சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு அதையும் வைத்து, நான்தான் பொட்டிட்டேன்.

"உமக்கு விசரே? முப்பது வருசப் பேப்பரைப் பழுதாக்கிப் போட்டீரே!" என்று இவர் அன்று கத்தினார். இரண்டு நாள் என்னோடு கதைக்கவேயில்லை. மூன்றாம் நாள் அதைத்தான் சட்டம் போட்டுக் கட்டிலுக்கு எதிரே மாட்டினார்.

கடைக்காரர் போனதும் அதே ஆணியில் திரும்ப மாட்டினேன். படுத்தபடி பார்க்கிறேன்.

இந்த அறையில் இனி அவளுக்கு மட்டும்தான் பொட்டு.